ஐந்து முறை மாறிய கொடி



‘போருக்கு முந்திய ஐரோப்பா’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். முப்பது ஆண்டு வகுப்பறையில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். இந்தத் தலைப்பைக் கேட்டதும் என் காதில் விழுவது பிள்ளைகளின் ஒப்பிக்கும் குரல்தான். இரகசியக் கூட்டணிகள், படைப் பெருக்கம், குடியேற்றப் போட்டி, சரயேவோ படுகொலை. ஐந்து மதிப்பெண் கேள்வி. எல்லோரும் எழுதுவார்கள், எல்லோருக்கும் மதிப்பெண் கிடைக்கும். ஒரே ஒரு பையன், மீஞ்சூர்ப் பக்கத்துப் பையன், ஒருநாள் எழுந்து கேட்டான்: “ஐயா, அவங்க அங்க கையெழுத்துப் போட்டா நம்ம ஊருக்கு என்னங்க ஐயா?” அன்றைக்கு அவனுக்கு நான் ஒழுங்கான பதில் சொல்லவில்லை. பாடம் முடிக்கவேண்டிய அவசரம். அந்தப் பதிலைத்தான் இன்று இந்த மேடையில் சொல்ல வந்திருக்கிறேன். சரயேவோவுக்குப் பிறகு போகலாம். முதலில் என்னோடு நம்முடைய கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு வாருங்கள்.

1780ஆம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம். குண்டூரிலிருந்து ஒரு படை தெற்கு நோக்கி வருகிறது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் படை. தலைவர் கர்னல் வில்லியம் பெய்லி. ஏறக்குறைய 2,800 பேர். அவர்களில் வெள்ளையர் சிறுபகுதி. மற்றவர்கள் நம் நாட்டுச் சிப்பாய்கள். ஆகஸ்ட் 24 வாக்கில், நாம் இப்போது கூடியிருக்கும் இதே கும்மிடிப்பூண்டிக்கு அந்தப் படை வந்து சேர்ந்தது. மறுநாள் கொசஸ்தலைக் கரை. ஆற்றில் அப்போது பெரிதாகத் தண்ணீர் இல்லை, இறங்கி நடந்துவிடலாம். பெய்லி இறங்கவில்லை. வடகரையிலேயே கூடாரம் அடிக்கச் சொல்லிவிட்டார். இரவில் ஆறு பெருகியது. நம் ஆறுகளின் குணம் நமக்குத் தெரியும். மேற்கே எங்கோ கொட்டும், இங்கே வானம் வெளுத்திருக்கும், விடிந்து பார்த்தால் கரை புரண்டு ஓடும். ஒரு நாளல்ல, இரண்டு நாளல்ல, செப்டம்பர் பிறக்கும்வரை அந்தப் படை கரையிலேயே கிடந்தது.

அந்த நாட்களில் மைசூரை ஆண்ட ஹைதர் அலி தன் மகன் திப்புவை இந்தப் பக்கம் அனுப்பிவிட்டார். வெள்ளம் வடிந்து பெய்லி ஆற்றைக் கடந்து மேற்கே திரும்பினார். செப்டம்பர் 6ஆம் தேதி, நம் மாவட்டத்துப் பேரம்பாக்கத்தின் அருகே திப்புவின் படையோடு மோதல். செப்டம்பர் 10ஆம் தேதி புள்ளலூர். ஆங்கிலப் புத்தகங்கள் பொள்ளிலூர் என்று எழுதுகிற அதே ஊர். கும்பினித் தளபதி ஹெக்டர் மன்றோவின் பெரிய படை காஞ்சிபுரத்தில், சில மணி நேர நடையில் இருந்தும் வந்து சேரவில்லை. வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. பெய்லியின் படை அழிந்தது. அவர் ஸ்ரீரங்கப்பட்டினத்துச் சிறையில் 1782இல் செத்தார். இந்தியாவில் அதுவரை கும்பினிக்கு அப்படி ஒரு தோல்வி நேர்ந்ததில்லை. திப்பு அதை ஸ்ரீரங்கப்பட்டினம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் ஓவியமாக எழுதி வைத்தார். இன்றும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

சரி, ஹைதர் அலிக்கு ஏன் அந்தக் கோபம்? பல காரணம் உண்டு. பெரிய காரணம் ஒன்று, மாஹி. மலையாளக் கரையில் பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த சின்னத் துறைமுகம். ஹைதருக்கு ஆயுதமும் வெடிமருந்தும் அந்த வழியாகத்தான் வந்தன. அது என் பாதுகாப்பில் இருக்கிறது, தொடாதீர்கள் என்று அவர் எச்சரித்தார். 1779 மார்ச்சில் கும்பினி அதைப் பிடித்தது. ஏன் பிடித்தது? இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர். ஏன் போர்? 1778 பிப்ரவரி 6ஆம் தேதி, பாரிஸ் நகரத்தில், பெஞ்சமின் பிராங்க்ளினும் அவருடைய தோழர்களும் பிரெஞ்சு மன்னரின் ஆளும் உட்கார்ந்து, அமெரிக்காவும் பிரான்சும் இனிக் கூட்டாளிகள் என்று கையெழுத்துப் போட்டார்கள்.

பாருங்கள் தம்பி! பாரிசில் இறகுப் பேனா மையில் தோய்ந்தது; கொசஸ்தலைக் கரையில் சிப்பாய் நனைந்து நின்றான். அமெரிக்கா எங்கே என்று அந்தச் சிப்பாய்க்குத் தெரியாது. கொசஸ்தலை எங்கே என்று பிராங்க்ளினுக்குத் தெரியாது. இருவருக்கும் நடுவே ஓடியது ஒரு ஒப்பந்தம்.

இத்தோடு கதை முடியவில்லை. எனக்கு நெஞ்சில் தைப்பது இனி வருவதுதான். அது பழவேற்காட்டின் கதை.

பழவேற்காட்டில் அப்போது பறந்தது டச்சுக்காரர் கொடி. நம் முன்னோர் ஒல்லாந்தர் என்று அழைத்த ஆலந்து நாட்டார். இங்கிலாந்துக்கும் ஆலந்துக்கும் அன்றைக்குப் பகையா? இல்லை. நூறு ஆண்டாக நட்பு. ஒருவரை யாராவது தாக்கினால் மற்றவர் துணைக்கு வரவேண்டும் என்று 1678இலேயே எழுதிக்கொண்டவர்கள். ஆலந்தின் வில்லியமையே அழைத்துப்போய்த் தங்கள் அரியணையில் உட்காரவைத்தவர்கள் ஆங்கிலேயர்கள். அப்படிப்பட்ட நண்பர்கள் எப்படி ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்தார்கள்? கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். போருக்கு முன்னால் ஒரு அரசாங்கத்தின் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியை நான் படித்ததில்லை.

அமெரிக்கா இங்கிலாந்தை எதிர்த்துப் போராடிய காலம். ஆலந்து நடுநிலை. ஆனால் டச்சு வணிகர்கள் கரீபியக் கடலில் தங்கள் சின்னத் தீவு ஒன்றின் வழியாக அமெரிக்கர்களுக்கு வெடிமருந்து விற்றுக் கொழுத்தார்கள். இங்கிலாந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. 1780இல் ரஷ்யப் பேரரசி கேத்தரின் ஒரு புது ஏற்பாடு செய்தார். நடுநிலை நாடுகளெல்லாம் சேர்ந்து தங்கள் கப்பல்களை ஆயுதத்தோடு காத்துக்கொள்ளும் கூட்டு. டென்மார்க் சேர்ந்தது, ஸ்வீடன் சேர்ந்தது. ஆலந்தும் சேர முடிவு செய்தது. சேர்ந்துவிட்டால் டச்சுக் கப்பலைத் தொடும்போது ரஷ்யாவையும் தொடவேண்டிவரும். ஆகவே அதற்கு முன்பே அடிக்கவேண்டும். அடிப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் ரஷ்யக் கூட்டைப் பற்றியதாகவும் இருக்கக்கூடாது.

காரணம் ஏற்கெனவே கையில் இருந்தது. 1780 செப்டம்பரில், அமெரிக்கத் தூதர் ஹென்றி லாரன்ஸ் ஆலந்துக்குப் போகும் வழியில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் ஆங்கிலக் கப்பலிடம் சிக்கினார். தம்மிடம் இருந்த காகிதங்களை மூட்டையாகக் கட்டிக் கடலில் எறிந்தார். மூட்டை மூழ்கவில்லை. மாலுமிகள் கொக்கி போட்டு இழுத்து எடுத்துவிட்டார்கள். உள்ளே ஒரு நகல் ஒப்பந்தம். இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு ஆம்ஸ்டர்டாம் வணிகரும் ஒரு அமெரிக்கரும் எழுதிப் பார்த்த வரைவு. எந்த அரசாங்கமும் ஏற்றுக்கொள்ளாதது. அந்தக் காகிதத்தைத் தூக்கிக் காட்டி, துரோகம் என்று கூவி, 1780 டிசம்பர் 20ஆம் தேதி இங்கிலாந்து ஆலந்தின் மீது போர் அறிவித்தது. சில நாள் கழித்து ஆலந்து முறைப்படி கூட்டில் சேர்ந்து ரஷ்யாவிடம் உதவி கேட்டது. போர் எங்கள் கூட்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது, காரணமும் வேறு என்று கேத்தரின் கைவிரித்துவிட்டார்.

எழுதிய காரணம் ஒன்று, எண்ணிய காரணம் இன்னொன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கிற கண் நமக்கு வேண்டும். கூட்டணியை மட்டும் பார்த்தால் போதாது. யார் யாரோடு சேர்ந்தார்கள் என்று பாடப்புத்தகம் சொல்லிவிடும். யார் எதற்கு அஞ்சினார்கள், அந்த அச்சத்தை எந்தக் காகிதத்தால் மூடினார்கள் என்று நாம்தான் தேடவேண்டும். நண்பனை ஆராய்ந்து தேர்வதற்கு ஒரு அதிகாரமும், கூடாத நட்புக்கு ஒரு அதிகாரமும், தூதுக்கு ஒரு அதிகாரமும், வலிமையை எடைபோட ஒரு அதிகாரமும் தனித்தனியாக வகுத்த திருவள்ளுவரின் மொழி நம் மொழி. இந்தக் கண் நமக்குப் புதிதல்ல.

அந்தப் போர்ச் செய்தி கப்பலேறி நன்னம்பிக்கை முனையைச் சுற்றி 1781 ஜூனில் சென்னைக்கு வந்தது. புதிய ஆளுநர் மெக்கார்ட்னி பிரபுவே அதைக் கொண்டுவந்தார். வந்த கையோடு ஆங்கிலேயர் இரண்டு இடங்களைப் பிடித்தார்கள். தெற்கே சதுரங்கப்பட்டினம், வடக்கே பழவேற்காடு. நேற்றுவரை கடற்கரையில் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்த டச்சுக்காரர்களின் இடங்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில், வங்காளத்திலிருந்து கடலோரமாக நடந்தே வந்த கர்னல் பியர்சின் படையும், தளபதி ஐர் கூட்டின் படையும் சந்தித்துக் கைகோத்த இடம் எது தெரியுமா? அதே பழவேற்காடு. அங்கிருந்து கிளம்பிப்போய்த்தான் திருப்பாச்சூர்க் கோட்டையைக் கூட் பிடித்தார். திருவள்ளூர் ஊருக்கு வெளியே, இன்று நீங்கள் வாசீசுவரரைக் கும்பிடப் போகிற திருப்பாச்சூர். நவம்பரில் நாகப்பட்டினம் விழுந்தது. அடுத்த ஜனவரியில் ஈழத்துத் திருகோணமலை.

இந்தப் படைகள் போய்வந்த பாதையில் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தப் போருக்குச் சில ஆண்டு முன்னால், 1767 முதல் 1774 வரை, தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் பொன்னேரி முதலான நம் பகுதி ஊர்களை ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். எத்தனை வீடு, எத்தனை ஏரி, எத்தனை கோயில், யார் யாருக்கு எவ்வளவு மானியம் என்று எழுதினார். பின்னாளில் வரலாற்றாய்வாளர் தரம்பால் அந்தக் கணக்குகளை நமக்கு எடுத்துக்காட்டினார். கணக்குப்பிள்ளை, வெட்டியான், தச்சர், கருமார், வண்ணார், தேவதாசி, உவாத்தியாயர் என்று எல்லோருக்கும் விளைச்சலில் பங்கு இருந்த ஊர்கள் அவை. பத்தே ஆண்டில் ஹைதரின் குதிரைப்படை சென்னையைச் சுற்றியிருந்த நாட்டை எரித்தது. எதிரிக்கு நெல் கிடைக்கக்கூடாது என்பது அவர் கணக்கு. கும்பினியும் தன் பங்குக்குத் தானியத்தை அள்ளியது. 1781, 1782 பஞ்சத்தில் சென்னைத் தெருக்களில் பிணங்கள் கிடந்தன. ஏரிகள் உடைந்து, ஊர்கள் காலியாயின. பாரிசில் கையெழுத்திட்டவர்களின் கணக்கில் இந்த ஊர்கள் இல்லை.

போர் முடிந்தது. 1784இல் மீண்டும் பாரிஸ், மீண்டும் ஒரு ஒப்பந்தம். நாகப்பட்டினம் ஆங்கிலேயருக்கே. பழவேற்காடு டச்சுக்காரருக்குத் திரும்பியது. இரண்டாவது முறையாகக் கொடி மாறியது. மூன்றாவது முறை 1795இல். பிரெஞ்சுப் புரட்சிப்படை ஆலந்துக்குள் புகுந்தது. அந்நாட்டுத் தலைவர் ஐந்தாம் வில்லியம் மீன்பிடிப் படகேறி இங்கிலாந்துக்குத் தப்பி ஓடி, கியூ என்ற இடத்தில் தங்கினார். அங்கிருந்து தன் நாட்டுக் கோட்டைத் தலைவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்: ஆங்கிலேயரை உள்ளே விடுங்கள், அவர்கள் நண்பர்கள் என்று. பதினான்கு ஆண்டுக்கு முன் பகைவர், இப்போது நண்பர். அந்த நண்பர்கள் பழவேற்காட்டை எடுத்துக்கொண்டார்கள். இலங்கையையும் எடுத்துக்கொண்டார்கள், அதைத் திருப்பித் தரவே இல்லை. பழவேற்காட்டை மட்டும், நெப்போலியன் வீழ்ந்த பிறகு, 1818இல் தந்தார்கள். நான்காவது மாற்றம்.

ஐந்தாவது மாற்றத்துக்குப் போரே தேவைப்படவில்லை. 1824 மார்ச் 17ஆம் தேதி லண்டனில் இரு நாட்டாரும் உட்கார்ந்து கிழக்கைப் பங்கிட்டார்கள். சுமத்ராவில் ஆங்கிலேயர் வைத்திருந்த பென்கூலன் ஆலந்துக்கு. இந்தியாவில் டச்சுக்காரர் வைத்திருந்த இடங்கள் இங்கிலாந்துக்கு. பழவேற்காடு, தூத்துக்குடி, சதுரங்கப்பட்டினம் எல்லாம் அந்த மாற்றில் கைமாறின. 1825இல் கொடி இறங்கியது.

பெரியோர்களே, 44 ஆண்டு. ஐந்து கொடி மாற்றம். பழவேற்காட்டு மரைக்காயரை யாராவது கேட்டார்களா? கட்டம்போட்ட பழையகாட் துணி நெய்த தறிகாரரைக் கேட்டார்களா? ஏரியில் வலைபோடும் பட்டினவரைக் கேட்டார்களா? ஒரு தலைமுறை மீனவர் தன் வாழ்நாளில், கடலுக்குப் போகும்போது ஒரு கொடியும் திரும்பும்போது ஒரு கொடியும் பார்த்திருக்கக்கூடும்.

டச்சுக்காரர்கள் பழவேற்காட்டுக்கு ஏன் வந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதிலும் வேர் ஐரோப்பியக் கூட்டணிதான். 1580இல் ஸ்பெயின் மன்னர் போர்ச்சுகல் அரியணையிலும் ஏறினார். அப்போது ஆலந்து ஸ்பெயினை எதிர்த்து விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்தது. லிஸ்பன் சந்தையில் மிளகு வாங்கி விற்று வாழ்ந்த டச்சு வணிகனுக்கு, லிஸ்பன் திடீரென்று பகைவன் ஊராகிவிட்டது. மிளகு விளையும் இடத்துக்கே போவோம் என்று கிளம்பினான். 1602இல் தன் கிழக்கிந்தியக் கும்பினியைத் தொடங்கினான். வேலூரில் இருந்த விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதி தேவராயரிடம் 1610இல் அனுமதி வாங்கினான். 1612இல் மயிலாப்பூர்ச் சாந்தோமிலிருந்து போர்ச்சுகீசியர் வந்து டச்சுப் பண்டகசாலையைச் சூறையாடினார்கள். ஐரோப்பாவில் அப்போது ஸ்பெயினுக்கும் ஆலந்துக்கும் பன்னிரண்டாண்டுப் போர்நிறுத்தம் நடப்பில் இருந்தது. 1609இல் எழுதிக் கையெழுத்திட்டது. அந்தக் காகிதம் வங்கக் கடல்வரை வந்து சேரவில்லை! மறு ஆண்டே, 1613இல், டச்சுக்காரர் பழவேற்காட்டில் கோட்டை எழுப்பினார்கள். தங்கள் கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரால் கெல்ட்ரியா என்று பெயர் வைத்தார்கள்.

வேங்கடபதிராயர் ஏமாளி அல்லர். போர்ச்சுகீசியரையும் விடாமல் டச்சுக்காரரையும் விடாமல், ஒருவரை வைத்து மற்றவரை அடக்கப் பார்த்தவர். ஆனால் 1614இல் அவர் இறந்தார். அரியணைச் சண்டை மூண்டு விஜயநகர வீடே இரண்டாகப் பிளந்தது. தோப்பூரில் நாயக்கர்கள் இரண்டு அணியாக நின்று வெட்டிக்கொண்டு மாண்டார்கள். கெல்ட்ரியா கோட்டைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்க ஆளில்லை. அங்கே வெடிமருந்து காய்ச்சினார்கள். அது பத்தேவியா வரை போனது. நாணயம் அடித்தார்கள். மனிதர்களையும் விற்றார்கள். ஆம், பஞ்சத்தில் தங்களையும் பிள்ளைகளையும் விற்ற நம் மக்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி அனுப்பினார்கள். வெளிநாட்டார் கூட்டணி எப்போது நம் கழுத்தில் கயிறாகிறது என்றால், நம் வீடு பிளந்திருக்கும்போதுதான். இது என் முடிவு. நான் படித்த அத்தனை புத்தகமும் இதை எனக்கு உறுதிப்படுத்தியிருக்கின்றன.

சென்னை நகரம் பிறந்ததும் பழவேற்காட்டில் முறிந்த ஒரு கூட்டணியால்தான் என்றால் நம்புவீர்களா? 1619இல் லண்டனில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் கூட்டுச் சேர்ந்தார்கள். அதன்படி 1621இல் ஆங்கிலேயர் பழவேற்காட்டுக்கு வந்து கெல்ட்ரியாவின் நிழலில் கடை விரித்தார்கள். கோட்டைக் காவல் செலவில் பாதி உங்களுடையது என்றார்கள் டச்சுக்காரர்கள். வியாபாரத்தில் பாதி கிடைத்ததா? இல்லை. இரண்டே ஆண்டில் சலித்துப்போய் வெளியேறினார்கள். 1623இல் அம்போய்னாத் தீவில் பத்து ஆங்கிலேயர் தலையை டச்சுக்காரர் வெட்டியதோடு அந்தக் கூட்டு செத்தே போயிற்று. ஆங்கிலேயர் வடக்கே துர்க்கராசப்பட்டினத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, 1639இல் தெற்கே ஒரு மணல்மேட்டைக் கேட்டு வாங்கினார்கள். அந்த மணல்மேட்டில்தான் இன்று தலைமைச் செயலகம் இருக்கிறது. பழவேற்காட்டில் அந்தக் கூட்டு நிலைத்திருந்தால், நம் மாநிலத்தின் தலைநகரம் வேறு எங்கேயோ இருந்திருக்கும்.

அந்தச் சென்னையையும் பண்டமாற்றுச் செய்தார்கள். பிரஷ்ய மன்னர் பிரெடரிக் 1740இல் சைலீசியாவுக்குள் நுழைந்தார். ஐரோப்பா இரண்டு அணியாயிற்று; இங்கிலாந்து ஒன்றில், பிரான்ஸ் மற்றொன்றில். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள். 1748ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி திருப்பிக் கொடுத்தார்கள். எதற்கு ஈடாக? வட அமெரிக்காவில் லூயிஸ்பர்க் என்ற கோட்டைக்கு ஈடாக. ஒரு பனிக்கரைக் கோட்டையும் நம் சென்னையும் ஒரே தராசில்!

அந்தக் காலத்தில் ஒரு தமிழர் இதையெல்லாம் உற்றுப் பார்த்தார் என்பது எனக்குப் பெருமை. ஆனந்தரங்கப் பிள்ளை. பிறந்தது பெரம்பூர். புதுச்சேரியில் 1736 முதல் நாட்குறிப்பு எழுதினார்; பின்னர் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷாகவும் இருந்தார். எந்தக் கப்பல் வந்தது, எந்தத் துரைக்கும் எந்தத் துரைக்கும் மனக்கசப்பு, ஐரோப்பாவில் சமாதானமா சண்டையா என்று எழுதினார். 1761இல், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுவதற்குச் சில நாள் முன்னால் இறந்தார். எத்தனையோ குறை சொல்லலாம் அவரை. ஆனால் அவர் தலையைத் தூக்கிக் கடலைப் பார்த்தார்.

இனி 1914க்கு வருகிறேன். நீளமாகச் சொல்லப்போவதில்லை. ஜூன் 28, சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் கொலை. ஜூலை 23இல் ஆஸ்திரியா செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு வைத்தது. ஆஸ்திரியாவின் கூட்டாளியான ஜெர்மனியின் படைத் தலைவர்களிடம் ஒரே ஒரு திட்டம்தான் தயாராக இருந்தது. ரஷ்யா மெதுவாகத் திரண்டு வருவதற்குள் பெல்ஜியம் வழியாகப் புகுந்து பிரான்சை முடித்துவிடவேண்டும். ரயில் அட்டவணைவரை கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். கிழக்கே தகராறு என்றாலும் மேற்கேதான் அந்தத் திட்டம் பாயும். தூதர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், ரயில்கள் கிளம்பிவிட்டன. ஆகஸ்ட் 4இல் இங்கிலாந்து இறங்கியது, நம்மைக் கேட்காமலே நம்மையும் இறக்கியது. செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் ‘எம்டன்’ போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. சரயேவோத் துப்பாக்கியிலிருந்து சென்னைக் குண்டுவரை 86 நாள். ஊரில் கெட்டிக்காரப் பிள்ளையை ‘சரியான எம்டன்’ என்று சொல்லும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் போருக்குக் கடல்கடந்து போன இந்தியர் பத்து லட்சத்துக்கும் மேல். திரும்பி வராதவர் 70,000க்கும் மேல்.

மீஞ்சூர்த் தம்பி, நீ எங்கே இருந்தாலும், உன் கேள்விக்கு இதுதான் பதில். நம்ம ஊருக்கு என்ன என்றால், நம்ம ஊர்தான் விலை.

இப்போது காலம் மாறியிருக்கிறது. நம் பெயரால் கையெழுத்திடுபவர் நாம் ஓட்டுப்போட்டு அனுப்பியவர். ஆகவே நமக்குப் பொறுப்பு கூடியிருக்கிறது. நம் மாவட்டத்தை எண்ணிப் பாருங்கள். எண்ணூரில் துறைமுகம், காட்டுப்பள்ளியில் துறைமுகம். ஆவடியில் கவச வாகனம் செய்கிறார்கள். 1965இல் அங்கிருந்து வெளிவந்த விஜயந்தா டாங்கி பிரிட்டிஷ் வடிவம். பின்னால் வந்த அஜேயாவும் பீஷ்மாவும் ரஷ்ய வடிவம். யாரோடு நமக்கு உறவு என்பது அந்தத் தொழிற்சாலைத் தரையில் இரும்பாகவே தெரிகிறது. இதே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நீங்கள் செய்யும் பொருள் எந்தக் கப்பலில் ஏறும், எந்தக் கால்வாயைக் கடக்கும், அங்கே எவன் எவனோடு சண்டை என்பது உங்கள் ஓவர்டைமைத் தீர்மானிக்கிறது. செங்கடலைத் தவிர்த்துக் கப்பல் சுற்றிப் போனால் இங்கே சரக்கு தேங்குவதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

ஆவடியில் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. மூன்று மாதத்தில் பாண்டுங்கில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடின. எந்தப் பெரிய அணிக்கும் எடுபிடியாக இருக்கமாட்டோம் என்ற பேச்சு ஓங்கிய ஆண்டு அது. திருத்தணியில் பிறந்த இராதாகிருஷ்ணன், முப்பதுகளில் சர்வதேச சங்கத்தின் அறிவுக் கூட்டுறவுக் குழுவில் உட்கார்ந்து, இன்னொரு போரை நோக்கி ஐரோப்பா சரிவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். 1949 முதல் 1952 வரை மாஸ்கோவில் நம் தூதர். ஸ்டாலினின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசினார், அதே சமயம் மேற்கு நாடுகளின் மதிப்பையும் இழக்கவில்லை. நம் மாவட்டத்து மண்ணுக்கு அந்தப் பயிற்சி இருக்கிறது. எந்த அணியிலும் சேராத அந்தக் கொள்கையில் குறை காணலாம், மாற்றவும் சொல்லலாம். ஆனால் யாரோடு சேரவேண்டும் என்பதை நாமே முடிவு செய்யவேண்டும் என்ற உரிமையை மட்டும் யாரிடமும் அடகு வைக்கக்கூடாது. அதற்கு நாம் கேள்வி கேட்கவேண்டும். ஒப்பந்தம் என்று செய்தி வந்தால், என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் படிக்காதீர்கள். எதற்கு அஞ்சி எழுதினார்கள் என்று கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போங்கள். கோட்டை இடிந்து முள்மூடிக் கிடக்கிறது. ஆனால் டச்சுக் கல்லறைத் தோட்டம் நிற்கிறது. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பம். உள்ளே பதினேழாம் நூற்றாண்டுக் கல், டச்சு எழுத்து. அந்தக் கற்களை நிறுவியவர்களின் கடிதங்களும் கணக்குகளும் நெதர்லாந்தின் ஹேக் நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நம் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் டச்சு ஆவணங்கள் உண்டு. அவற்றில் பழவேற்காட்டு நெசவாளர் பெயர் இருக்கும், படகுக்காரர் பெயர் இருக்கும், விற்கப்பட்ட பிள்ளைகளின் பெயரும் இருக்கலாம். பழைய டச்சு மொழி படித்து அவற்றைத் தமிழுக்குக் கொண்டுவர நம் மாவட்டத்திலிருந்து ஆள் வேண்டும். அதற்கு ஒரு பிள்ளை முன்வந்தால், படிப்புச் செலவில் என் ஓய்வூதியத்திலிருந்து ஒரு பங்கு தருகிறேன் என்று இந்த அவையில் வாக்குத் தருகிறேன். மற்ற பங்கை இங்கே உட்கார்ந்திருக்கும் நீங்கள் தாருங்கள். விருப்பமுள்ள பிள்ளை கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள், மேடைக்குக் கீழேயே நிற்கிறேன்.